கூப்பிடு தூரம்

விலை பேசப் போகிறவள் தனக்கு வேண்டிய சரக்கை முதலில் பார்க்கவே கூடாது. பக்கத்தில் கிடக்கிற வேறு எதையாவது பார்க்க வேண்டும், பார்த்து மூக்கைச் சுளிக்க வேண்டும். ஆகையால் சிஸ்டர் ஸ்கொலாஸ்திகா வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததிலிருந்து வாசல் அறைப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. எதிரே வேப்பமரத்தடியில் கழுவிக் கவிழ்த்திருந்த சத்துணவு அண்டாவையே முறைத்துக்கொண்டிருந்தாள். அண்டாவின் அடியில் கரி சரியாகப் போகவில்லை. யார் கழுவினது, இன்னும் ரெண்டு தேய் தேய்த்தால் கை தேய்ந்துவிடுமா, எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாமா என்று கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினாள். இன்றைக்குக் கோபப்படக் கூடாது. கோபத்தைச் சில்லறை சில்லறையாகச் செலவழித்துவிட்டால் உள்ளே போகும்போது கையில் ஒன்றும் இருக்காது. உள்ளே, மூடிய கதவுக்குப் பின்னால், மதர் அலோஷியா உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கத்து மடங்கள் எல்லாவற்றுக்கும் தலைவி. வருஷத்துக்கு ஒரு தடவை மடம் மடமாகப் போய் ஒவ்வொரு சிஸ்டரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். எப்படி இருக்கீங்க, தூக்கம் வருதா, முட்டி வலி எப்படி, எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க. போன வருஷம் வரைக்கும் அவ்வளவுதான். இந்த வருஷம் அப்படியில்லை. ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கூடத்தைப் பிஷப்பின் மறைமாவட்டம் எடுத்துக்கொள்கிறது, மடத்தைப் பூட்டிவிடுகிறார்கள், பூட்ட என்ன இருக்கிறது, இருப்பதே மூன்று பேர். தலைமையாசிரியை சிஸ்டருக்குச் சேலத்தில் வேறு பள்ளிக்கூடம். மாடியில் படுக்கையாகக் கிடக்கும் சிஸ்டருக்குத் திண்டுக்கல் பக்கத்து ஓய்வு இல்லம். மூன்றாவது ஆள் ஸ்கொலாஸ்திகா. அவளுக்கும் திண்டுக்கல்தான் என்று எழுதாத சட்டம். ஆனால் அந்த வாசல் அறை இருக்கிறதே, தெருவைப் பார்த்த ஜன்னலோடு, ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போட்டால் நிறைந்துவிடும் அந்தப் பழைய அறை, அதை மட்டும் மறைமாவட்டம் வேண்டாம் என்று மடத்துக்கே விட்டுவிட்டதாகத் தலைமையாசிரியை காலையில் இட்லிக்கு நடுவில் சொன்னாள். சொன்ன நிமிஷத்திலிருந்து ஸ்கொலாஸ்திகாவுக்கு இட்லி இறங்கவில்லை. அது வேணும். எண்பது வயசில் முதல் தடவையாக இவளுக்கென்று ஒன்று வேணும். ஆகவே அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. அண்டாவைப் பார். கரி.

மாடியில் ஐந்தாம் வகுப்பு எதையோ ஒரே குரலாக ஒப்பித்தது, நடுவில் ஒரு பெஞ்சு இழுபட்டது, அந்த இழுபடும் சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும் அது எந்த பெஞ்சு என்று, ஜன்னலோரத்து மூன்றாவது, ஒரு கால் குட்டை. துறைமுகத்தில் கப்பல் சரக்கு அசையாமல் முட்டுக் கொடுத்து வந்த மரம் அது. எந்த நாட்டுக் காட்டு மரமோ, ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அதை விறகு விலைக்குப் பேசி வாங்கிக்கொண்டு வந்தது யார்? இவள். மூன்றாவது மாடிக்குச் செங்கல் ஏற்றி வந்த லாரிக்காரனிடம் கிளீனர் பயலோடு சேர்த்துச் சண்டை போட்டு உடைந்த கல்லையெல்லாம் திருப்பி அனுப்பியது யார்? வெள்ளைக்கார மதர்கள் கப்பலில் வந்து இறங்கி, ஒரு பழைய உப்புக் கிடங்கை வாங்கி, சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருக்க, மீனவக் குப்பத்துப் பெண்பிள்ளைகளையும் ஹார்பர் கூலிகளின் பெண்பிள்ளைகளையும் தரையில் உட்கார வைத்து ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா மேடையில் சொல்லுவார்கள். அதோடு விட்டுவிடுவார்கள். மழைக்காலத்தில் அந்தக் கிடங்கில் உட்கார்ந்த பிள்ளைகளின் பாவாடை மாலையில் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து விறைத்து நிற்கும், வீட்டுக்குப் போய்த் தாய்மார்கள் தட்டினால் உப்பு கொட்டும், அதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். அவளுடைய பாவாடையும்தான் கொட்டியது. அப்போது அவள் பாக்கியமேரி. காசிமேட்டு ஏலத்தில் கூடை எடுக்கிற அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தே விலை பேசக் கற்றவள். எழுத்துக் கூட்டத்தான் வரவில்லை. மூன்றாம் வகுப்பு மதர் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்து அடித்து ஓய்ந்து போய், இது சமையல்கட்டுக்குத்தான் ஆகும் என்று பிரெஞ்சிலோ இங்கிலீஷிலோ சொன்னார். பாஷை புரியவில்லை, அர்த்தம் நன்றாகவே புரிந்தது. பிறகு அவளே மடத்தில் சேர்ந்தபோதும் அதே கதைதான். அந்தக் காலத்தில் மடத்துக்குள்ளேயே ரெண்டு ஜாதி. படித்தவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், கோயிலில் முன் வரிசையில் நின்று லத்தீனில் பாடுகிறவர்கள், அவர்கள் மதர். படிக்காதவர்கள், துவைக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், அவர்கள் வெறும் சிஸ்டர். முக்காடே வேறு. மேசையே வேறு. மதர்கள் எதிரில் சிஸ்டர்கள் உட்காரக் கூடாது. இந்த லட்சணத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கொலாஸ்திகா. அறிவாளிப் பெண் என்று அர்த்தமாம். யாருக்குக் குசும்பு? ஆண்டவருக்கா, பெயர் வைத்த மதருக்கா? சமையல்கட்டில் சிரித்தார்கள். அவள் சிரித்தவளின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்துவிட்டு மூன்று நாள் மௌனத் தண்டனை வாங்கிக்கொண்டாள்.

வெயில் வராந்தாவின் ஓரக் கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. காலை உள்ளிழுத்துக்கொண்டாள். பெஞ்சின் கைப்பிடியில் குடை தொங்கியது, ஆம்பிளைக் குடை, வளைந்த மூங்கில் பிடி, மழைக்கும் இல்லாமல் வெயிலுக்கும் இல்லாமல் சும்மா கூடவே வருகிற குடை. இசபெல்லின் குடை. இதை இசபெல் மறந்து வைத்துவிட்டு வராத கடை வடசென்னையில் கிடையாது. மடத்து ஒழுங்குப்படி எந்தச் சிஸ்டரும் தனியாக வாசலைத் தாண்டக் கூடாது, கூட ஒரு துணை போக வேண்டும், அந்தத் துணையையும் அவளே தேர்ந்தெடுக்கக் கூடாது, பெரிய மதர் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போகிற இவளுக்குத் துணையாகப் பெரிய மதர் சொன்னது மதர் இசபெல்லை. பூகோளம் நடத்துகிறவள், ஒல்லி, சோடாபுட்டிக் கண்ணாடி, பாளையங்கோட்டையில் வக்கீல் வீட்டுப் பெண். புதன்கிழமை மத்தியானம் வகுப்பு இல்லை, அதனால்தான் அவள், வேறு காரணம் ஒன்றும் கிடையாது. முதல் நாள் மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்கு முன்னால் நின்று, "இது எந்த ஊர் வெங்காயம்?" என்று கேட்டாள். வாங்க வந்தவள் கேட்கிற கேள்வியா அது? கடைக்காரன் உற்சாகமாகி லாரி வந்த வழி முழுக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டான், விலையை எங்கே குறைப்பது? திரும்பி வரும்போது ஸ்கொலாஸ்திகா சொன்னாள், "மதர், கோவிச்சிக்காதீங்க, இனிமே நீங்க வாயத் தொறக்கவே கூடாது." இசபெல் கோபித்துக்கொள்ளவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. அப்புறம் சில வருஷம் கழித்து ரோமாபுரியில் பெரிய சங்கம் கூடி, இனி மடத்தில் மேல் கீழ் இல்லை, எல்லாருக்கும் ஒரே முக்காடு, தலைவியைத் தவிர எல்லாரும் சிஸ்டர் என்று ஆனபோது, அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில் எல்லாரும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்க, இசபெல்தான் நேராகச் சமையல்காரச் சிஸ்டர்கள் பெஞ்சுக்கு வந்து, "கொஞ்சம் தள்ளு, ஸ்கொலா," என்றாள். ஸ்கொலா. செல்லப் பெயர் கூப்பிடுவது ஒழுங்குக்கு விரோதம். அதற்கப்புறம் அந்தப் பெயரில் கூப்பிட்டது அவள் ஒருத்திதான், அதுவும் கடைத்தெருவில்தான்.

கடைத்தெருவில் எப்படி நடக்கும் என்றால், எம்.சி. ரோட்டில் தாஜுதீன் பாய் கடை, வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் துணி எடுக்கிற கடை, அங்கே போய் முதலில் ஜன்னல் திரைத் துணியைப் பார்ப்பாள், யூனிபார்ம் துணியைப் பார்க்கவே மாட்டாள். பாய் சிரிப்பார். "இன்னா சிஸ்டரம்மா, மடத்துக்குத் திரையா?" "ஏன், எங்களுக்குத் திரை தேவையில்லயா?" பிறகு போகிற போக்கில் நீலத் துணியைத் தொட்டு, சீ என்று விட்டுவிடுவாள். சாயம் போகும். பிசிறு. போன தடவை ஒரே தண்ணியில சுருங்கிப் போச்சு, பிள்ளைங்க முட்டி தெரியுது, உங்க வீட்டுப் பொண்ணுக்கு இந்தத் துணியைப் போடுவீங்களா? பாய் ஒரு விலை சொல்லுவார். இவள் பாதி சொல்லுவாள். பாய் நெஞ்சில் கை வைப்பார். இவள் கோபப்படுவாள், நடிப்பில்லை, நிஜமாகவே ரத்தம் ஏறும், காது சுடும், "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கி விறுவிறுவென்று நடப்பாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் முக்கியம். திரும்பிப் பார்த்தால் போச்சு, கூப்பிடாமல் திரும்பி வந்தால் அதைவிடப் போச்சு, கடைக்காரனுக்கு உன் வயிறு வரைக்கும் தெரிந்துவிடும். நடையை வேகம் போல் காட்டி மெதுவாக நடக்க வேண்டும், கூப்பிடு தூரத்தைத் தாண்டாமல். பக்கத்துக் கடை, அதற்கடுத்த பிளாஸ்டிக் வாளிக் கடை, கரும்புச் சாறு வண்டி. அந்த வண்டிக்கு வரும்போது பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வரும். "ஸ்கொலா." இசபெல் படியிலேயே நிற்பாள். அவள் இறங்கி வந்ததே கிடையாது. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சரக்குக்குப் பக்கத்தில், தேரைப் பார்க்கிற குழந்தை மாதிரி அப்படியே நின்றுவிடுவாள். பாய் பின்னாலிருந்து தலையாட்டுவார், எடுத்துக்கோங்க, உங்க விலைக்கே எடுத்துக்கோங்க, உங்ககிட்ட வாய் குடுத்து மீள முடியுமா. ஒரு தடவை கூடத் தவறினதில்லை. செங்கல் சூளையிலும் அதுதான், மரக் கடையிலும் அதுதான். திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கொலாஸ்திகா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவாள். இந்த வாய். இந்த வாய்தான் கட்டினது. நீங்க பூகோளம் நடத்துங்க, இங்கிலீஷ் நடத்துங்க, நடத்த ஒரு கூரை வேணும்ல, அது இந்த வாயிலேருந்து வந்தது. வெளியில் சொன்னதில்லை. கர்வம் பாவம். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் மூன்று மாடியும் கண்ணுக்குள் ஏறி நிற்கும், பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னதே இல்லை.

கதவுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. இன்னும் இல்லை, மறுபடியும் பேச்சுக் குரல். தலைமையாசிரியை சிரிக்கிறாள். சிரிப்பதற்கு உனக்கு வயசிருக்கு, சேலம் இருக்கு. திண்டுக்கல்லை ஒரு தடவை பார்த்திருக்கிறாள், யாரையோ கொண்டு போய் விட்டுவிட்டு வந்தபோது. சுத்தம். ரொம்பச் சுத்தம். பினாயில் வாசனை, வழவழத் தரை, நடப்பதற்குச் சுவரெல்லாம் கம்பி, தோட்டத்தில் ரோஜாவுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒருத்தி, ஒருத்திக்கும் பக்கத்திலிருப்பவளோடு பேச ஒன்றுமில்லை. சத்தமே இல்லை. அதுதான் பயம். பொறுமையாகச் சாகிற சத்தம்கூட இல்லை. இங்கே விடியற்காலையில் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கட்டிலை ஆட்டும், மீன்கூடைப் பெண்கள் ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டு போவார்கள், கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள், எவள் சரியாகத் திட்டுகிறாள், எவளுக்கு வாய் போதாது என்று மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டு. அந்த வாசல் அறை ஜன்னலில் உட்கார்ந்தால் அத்தனையும் காதுக்கு எட்டும். காலையில் பிள்ளைகள் உள்ளே வருவதைப் பார்க்கலாம், எந்தக் குழந்தையின் யூனிபார்ம் சாயம் போயிருக்கிறது என்று பார்க்கலாம். அப்புறம், முடிந்துவிட்டால், காசிமேட்டுக் கல்லறையில் சிஸ்டர்களுக்கென்று இருக்கிற வரிசையில், இசபெல்லுக்குப் பக்கத்தில். திண்டுக்கல்லில் உயிர் போனால் திண்டுக்கல்லிலேயே புதைத்துவிடுவார்கள், ரோஜாவுக்குப் பின்னால், யாரென்றே தெரியாதவர்கள் நடுவில். ஒழுங்குப்படி துணையில்லாமல் வெளியே போகக் கூடாது. அந்தக் கடைசி இடத்துக்கு மட்டும் எப்படித் தனியாகப் போவது? முட்டி விண்விண் என்றது. இசபெல்லின் அடக்கத்தன்றைக்கும் இப்படித்தான் விண்விண் என்றது, மழை, கல்லறையில் சேறு, தாஜுதீன் பாய் பெரிய ரோஜா மாலையோடு வந்து. வேண்டாம். அண்டாவைப் பார். சத்துணவுக்காரியிடம் சொல்லிச் சாம்பல். சாம்பல்கூட இப்போது எங்கே கிடைக்கிறது, எல்லாம் கேஸ். பாய் மாலையோடு வந்து, வயசாகிவிட்டது அவருக்கும், தாடி முழுக்க வெள்ளை, குடைக்கு வெளியே நின்று. வேண்டாம் என்கிறேனே.

ஆனால் அது வந்தே தீரும். எந்த நினைப்பில் ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தச் சேற்றில்தான் வந்து செருப்பு மாட்டிக்கொள்ளும். பாய் அன்றைக்கு அழுதுகொண்டே சிரித்தார், ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம், குத்த வேண்டுமென்று இல்லை. "உங்களுக்குத் தெரியாதா சிஸ்டரம்மா? அந்தம்மா உங்ககிட்ட சொன்னதேயில்லயா? நீங்க கோவிச்சிக்கினு எறங்கிப் போனீங்கன்னா, அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சிக்கினே எங்கிட்ட சொல்லுவாங்க, பாய், எங்களுக்கு அது வேணும்னு. அவ்ளோதான். எங்களுக்கு அது வேணும். பொய் கெடயாது, புரட்டு கெடயாது, பச்சக் கொழந்த மாதிரி நேரா மூஞ்சப் பாத்து. அப்புறம் எப்புடிம்மா இல்லன்னு சொல்றது? உங்க வாய்க்கா குடுத்தேன்? உங்க வாய்க்கு நான் வெலய ஏத்தியில்ல சொல்லியிருப்பேன்!" சொல்லிவிட்டு அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சவக்குழிக்குப் பக்கத்தில் அத்தனை சிஸ்டர்கள் முன்னால் ஸ்கொலாஸ்திகா கத்தினாள், "வியாபாரி புத்தி! செத்தவங்க பேர்ல கதை கட்டறியா? போய்யா வெளியே!" பாய் மாலையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதோடு இவள் அந்தக் கடைப் படி மிதிக்கவில்லை, வருஷம் ஓடிவிட்டது. யாரிடமும் சொல்லவும் இல்லை. பொய்யாகத்தான் இருக்கும் என்று முதல் வருஷம் நினைத்தாள். எம்.சி. ரோட்டில் அப்படிச் சொல்லியிருக்கலாம், செங்கல் சூளையில் எப்படி என்று இரண்டாவது வருஷம். சூளையிலும் அவள் நின்றாளே, குடையைப் பிடித்துக்கொண்டு. மரக் கடையிலும் நின்றாளே. இந்த மூன்று மாடியும் எதனால் எழும்பியது, இவள் இறங்கிப் போனதாலா, அவள் நின்றதாலா? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. ஏன் சொல்லவில்லை என்னிடம், இத்தனை வருஷம் கூடவே நடந்து வந்து, நான் நெஞ்சை நிமிர்த்தி வருவதைப் பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்தாயா, பரிதாபப்பட்டாயா? வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அதனால் நான் இல்லாத நேரத்தில் திறந்தாய்.

கதவு திறந்து தலைமையாசிரியை வெளியே வந்தாள், முகம் கழுவின மாதிரி தெளிவாக. "உங்களத்தான் சிஸ்டர், போங்க." ஸ்கொலாஸ்திகா குடையை ஊன்றி எழுந்தாள். உள்ளே மின்விசிறிக்குக் கீழே மதர் அலோஷியா, இன்னும் அறுபதுகூட ஆகவில்லை, நாகர்கோவில் பக்கத்துக்காரி, ரோமில் படித்தவள், குரல் பஞ்சு மாதிரி. மேசையில் ஒரு செல்போன், ஒரு டம்ளர் மோர், மோரில் பாதி மிச்சம். "உக்காருங்க சிஸ்டர்." பழைய வழக்கத்தில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள், அதுவும் நாற்காலி நுனியில், குடையை நாற்காலி முதுகில் மாட்டினாள். "உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு கார்ல வர்றப்ப பூரா யோசிச்சிட்டே வந்தேன்," என்றார் மதர். ஸ்கொலாஸ்திகாவுக்குள் பழைய குதிரை ஒன்று காதை நிமிர்த்தியது. ஆரம்பிக்கத் தெரியாமல் வருகிற வியாபாரி பாதி விலைக்கு இறங்கிவிட்டவன். "சொல்லுங்க மதர். என்ன இருக்கு." "ஜூன்லேருந்து பள்ளிக்கூடம் நம்ம கையில இல்ல. தெரியும்ல?" "தெரியும்." "திண்டுக்கல்ல உங்களுக்கு ரூம் இருக்கு. நர்ஸ் இருக்காங்க, தோட்டம் இருக்கு. ஆனா…" மதர் மோர் டம்ளரைச் சுற்றினார். "இந்த வாசல் ரூமை மட்டும் அவங்க நமக்கே விட்டிருக்காங்க. ஊர்லேருந்து வர்ற சிஸ்டருங்க ஆஸ்பத்திரிக்கு, ஆபீசுக்குன்னு வந்தா ஒரு ராத்திரி தங்கிட்டுப் போகலாம். யாராவது ஒருத்தர் இங்கயே இருந்து பார்த்துக்கிட்டா நல்லது. நான் நெனச்சேன்… உங்களுக்கு அது சரிப்படுமா சிஸ்டர்?"

கேட்டே விட்டார். இவள் விலை சொல்வதற்கு முன்னால் சரக்கை எடுத்துக் கையில் வைத்துவிட்டார். ஸ்கொலாஸ்திகாவுக்கு ரத்தம் ஏறிற்று, காது சுட்டது, மார்பு துடிக்கிற சத்தம் மதருக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. முகத்தில் காட்டக் கூடாது. முதல் தடவை நீட்டினதை யாராவது வாங்குவார்களா? வாய் அதுபாட்டுக்குத் திறந்தது. "அந்த ரூமா? அதுல எப்புடி மதர் மனுசன் இருக்கறது," என்றாள். தன் குரல்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், நீலத் துணியைத் தொட்டுவிட்டு விடுகிற அதே குரல். "மழை பேஞ்சா மேல ஒழுகும். கொசு அள்ளிக்கினு போயிடும். ராவெல்லாம் லாரி, ஒரு பொட்டுத் தூக்கம் கெடயாது. சுவர்ல இன்னும் உப்புப் பூக்குது, கைய வெச்சா உதிருது. ஜன்னல் கம்பி ஆடுது." சொல்லச் சொல்ல நன்றாக வந்தது, குறையில் ஒன்றுகூடப் பொய்யில்லை, ஒவ்வொன்றையும் அவள் பல வருஷமாகத் தொட்டுத் தடவி வைத்திருந்தாள். இப்போது மதர் இறங்கி வருவார், ஓட்டை அடைச்சுத் தர்றோம் சிஸ்டர், ஜன்னலுக்கு வலை போட்டுத் தர்றோம், தயவு பண்ணி இருங்க என்பார். மதர் அலோஷியாவின் முகம் மாறியது. கனிந்தது. கையை நீட்டி இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சிஸ்டர். கேட்டதே தப்பு. இவ்ளோ வருஷம் ஒழச்சவங்கள அந்தப் பொந்துல போட்டு வதைக்கறதா? நீங்க திண்டுக்கல்லுக்கே போங்க, ராணி மாதிரி இருங்க. இந்த ரூமையும் அவங்களுக்கே குடுத்துடலாம், இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்." ஸ்கொலாஸ்திகாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கோபம், நிஜக் கோபம். என்ன வியாபாரி இவள், சரக்கைத் திருப்பிப் பெட்டிக்குள் வைக்கிறாள்! சரி, இதற்கும் ஒரு வழி இருக்கிறது, இந்த வழி ஒரு நாளும் தவறினதில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அப்ப நான் வர்றேன், மதர்." திரும்பினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் பஞ்சுக் குரல் தழுதழுத்தது. "ரொம்ப நன்றி சிஸ்டர். இவ்ளோ லேசா கீழ்ப்படிவீங்கன்னு நான் நெனக்கவே இல்ல."

கீழ்ப்படிதல். மடத்தில் ஒருத்தி தலையைக் குனிந்து பேசாமல் திரும்பிப் போனால் அதற்கு அந்த ஒரு பெயர்தான் உண்டு, அது அவளுக்கு வராந்தாவின் முதல் தூணுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் கால் பழகிய கணக்கில் போய்க்கொண்டிருந்தது, வேகம் போல் காட்டி மெதுவாக. முதல் தூண் பக்கத்துக் கடை. இரண்டாவது தூண் வாளிக் கடை. மூன்றாவது தூண் கரும்புச் சாறு வண்டி, இங்கேதான், இங்கேதான் குரல் வரும். நின்றாள். தூணில் கை வைத்தாள், சுண்ணாம்பு குளிர்ச்சியாக இருந்தது. மாடியில் ஒப்பித்தல் நின்றுவிட்டது, பள்ளிக்கூடம் விடப் போகிறது, வாசலில் ஐஸ் வண்டிக்காரன் வந்து மணியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் வரவில்லை. வராது, முட்டாளே, யார் நிற்கிறார்கள் அங்கே? நீ இறங்கி வந்துவிட்டாய். படியில் யாரும் இல்லை. சரக்குக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை. இத்தனை வருஷமும் நீ இறங்கிப் போக முடிந்ததே அவள் நின்றதால்தான், அது உனக்கு இந்த வயசில், இந்தத் தூணுக்குப் பக்கத்தில்… "சிஸ்டர்!" குரல். பின்னாலிருந்து. முதல் குரலுக்குத் திரும்பக் கூடாது என்பதால் திரும்பவில்லை. "சிஸ்டர், ஒரு நிமிஷம்!" திரும்பினாள், ஜெயித்தவள் முகத்தோடு திரும்பினாள், மெதுவாக. மதர் அலோஷியா தான் உட்கார்ந்திருந்த அறையின் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் குடை, வளைந்த மூங்கில் பிடியை முன்னால் நீட்டியபடி. மறு கையில் செல்போன், வெளிச்சம் எரிந்துகொண்டு, இன்னும் காதுக்கு வைக்கவில்லை. "கொடைய விட்டுட்டுப் போறீங்களே."

ஐஸ் வண்டிக்காரனின் மணி நின்றுவிட்டது. வராந்தா நீளமாக இருந்தது, இவ்வளவு நீளமாக எப்போதும் இருந்ததில்லை. வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம். ராணி மாதிரி இருக்கலாம். திரும்பி நடக்க ஆரம்பித்தாள், முட்டி ஒவ்வொரு அடிக்கும் கத்தியது, மூன்றாவது தூண், இரண்டாவது தூண், கூப்பிட்டது இதற்கில்லை என்று தெரிந்தும் திரும்பி வருகிறவளை எந்தக் கடைக்காரனும் மதிக்க மாட்டான், மதிக்க வேண்டாம். குடையை வாங்கினாள். மூங்கில் பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது, இசபெல்லின் இரண்டு கையும் பிடித்துப் பிடித்துத் தேய்த்த இடத்தில். இவளும் இரண்டு கையாலும் பிடித்தாள். போகவில்லை. படியிலேயே நின்றாள். "என்ன சிஸ்டர்?" என்றார் மதர், செல்போனைக் காதுப் பக்கம் கொண்டுபோனபடி. அந்தப் பக்கத்தில் யாரோ அலோ அலோ என்றார்கள். ஸ்கொலாஸ்திகா தலையைத் திருப்பி, காலையிலிருந்து பார்க்காமல் வைத்திருந்த வாசல் அறையைப் பார்த்தாள், ஆடுகிற ஜன்னல் கம்பியை, உப்புப் பூத்த சுவரை, நன்றாக, ஆசை தீர, மதர் தன்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தே பார்த்தாள். ஓடிப்போய் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிய வேண்டும் போல் வெட்கமாக இருந்தது. பிறகு மதரின் முகத்துக்கு நேராகத் திரும்பினாள்.

"எனக்கு அது வேணும், மதர்," என்றாள்.